காரணம்: மற்றவை

அக்டோபரில் பொறுக்கியதை
டிசம்பரில் விற்கிறோம்.
இடையில் ஒவ்வோர் இலையும்
பதினெட்டு மணி நேரம்
நீலத் தொட்டியில் தொங்கிச்
செம்பு குடிக்கும்.

வெர்மான்ட்டின் வடகோடி.
முன்பு பசுக்கள் நின்ற கொட்டகை.
தொட்டிக்கு ராய்ஸ். பொதி கட்ட ஆர்டித்.
பணமும் மன்னிப்பும் கேட்கிற வேலை எனக்கு.
கடைத்தெரு இல்லை, தரகர் இல்லை.
இங்கே கொட்டகை, அங்கே ஒரு வாசற்படி,
நடுவில் தபால் வண்டியோடு கர்டிஸ்,
பனியைத் திட்டியபடி.

காட்டின் பெயரால் விற்பதைப்
பிளாஸ்டிக் குமிழில் சுற்றுவதா என்று
கோடையில் எனக்கு ஒரு ஞானோதயம்.
சோள மாவில் செய்த பொதியடைப்பு
பதினாறு மூட்டை வாங்கினேன்.
இரண்டே வாரத்தில் நாலு மூட்டையை
எலிகள் முடித்துவிட்டன.
'இயற்கையோடு இயைந்தது' என்று
மூட்டைமேல் அச்சடித்திருந்ததை
அவை மட்டும்தான் நம்பின.

வாழ்த்துக் குறிப்புக்கு நூறு எழுத்து இடம்.
ஆர்டித் கையால் எழுதுவாள்.
எதையும் படிப்பதில்லை, பார்த்து எழுதுவதோடு சரி என்பாள்.
ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு
வெளியே போய் நின்றாள்.
அட்டையில் இருந்தது இவ்வளவுதான்:
'அப்பா, இது நம் மரம் இல்லை. ஆனாலும்.'

திருப்பி அனுப்புகிற படிவத்தில்
அளவு சரியில்லை, நிறம் சரியில்லை,
உடைந்து வந்தது, மனம் மாறிவிட்டது,
மற்றவை.

டொலீடோவிலிருந்து யோலாண்ட் ப்ரூயிட்
'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தார்:
இலையில் ஓட்டை.

ஜன்னலருகே தூக்கிப் பார்த்தேன்.
ஜூலையில் ஏதோ ஒரு புழு
சாப்பிட்டு எழுந்து போன இடம்.
கடித்த ஓரத்தின் ஒவ்வொரு பல்தடத்தையும்
செம்பு விடாமல் பூசியிருந்தது.
முழு இலை ஒன்றை அவருக்கு அனுப்பினேன்.
தபால் செலவு நம்முடையது.

ஓட்டை இலையைப் பாதி விலைக்குப் போடு என்றான் ராய்ஸ்.
நாலு டாலர் கூட்டிப் போடு என்றாள் ஆர்டித்.
படம் எடுத்து, 'புழு தின்றது' என்று பெயரிட்டு,
ஆர்டித் சொன்ன விலைக்கே போட்டேன்.
அது போனது. கைவசம் இருந்த இன்னும் ஒன்பதும்
அன்று சாயங்காலத்துக்குள் போயின.
பிறகு ஆரம்பித்தது:
ஓட்டை நடுவில் வருமா,
இரண்டு கிடைக்குமா,
இதய வடிவில் உண்டா,
கிறிஸ்துமஸுக்குள் வந்துசேருமா.

டிசம்பர் ஒன்பது.
விளக்கணைக்கப் போனவள்
மேசைக்கடியில் பொட்டுப் பொட்டாய்
எதையோ மிதித்தேன்.
காய்ந்த மேப்பிள் வட்டங்கள்,
எல்லாம் ஒரே அளவு.
தோல் பெல்ட்டுக்குத் துளை போடும் இடுக்கியோடு
ராய்ஸ் நின்றிருந்தான்.
ஓரங்களை ஊசியால் கீறிக்
கொஞ்சம் பசியும் சேர்த்திருந்தான்.
நன்றாகவே செய்திருந்தான்.

எத்தனை போயிருக்கிறது என்றேன்.
பதினொன்று.

எலி கூடப் பொய் தின்னவில்லை ராய்ஸ் என்று
சொல்ல நினைத்தேன்.
தொட்டி முனகிக்கொண்டிருந்தது.
வங்கிக்குக் கட்ட வேண்டியது ஞாபகம் வந்தது.
துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன்,
அவன் முறத்தைப் பிடித்தான்.

மறுநாள் பக்கத்தில் எழுதினேன்:
இருப்பு இல்லை. புழு ஜூலையில் வரும்.

அந்தப் பதினொன்றில் ஒன்றும்
இன்றுவரை திரும்பி வரவில்லை.
ஐந்து நட்சத்திரம் போட்டு ஒருவர்
'இதில்தான் உயிர் இருக்கிறது' என்று
எழுதியும் இருக்கிறார்.

நேற்றிரவு உட்கார்ந்து
பதினொருவர் பணத்தையும் திருப்பினேன்.
ஒவ்வொரு முறையும் திரை கேட்டது, காரணம்?
அளவு. நிறம். உடைந்தது. மனம் மாறியது.
கடைசியைத் தொட்டேன்.
கீழே ஒரு பெட்டி திறந்து
விளக்கமாக எழுதவும் என்றது.